ஒரு வெள்ளிக்கிழமை ஓடாத கார்

எங்கள் முதல் கார் எங்கள் கைக்கு வரும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர் ஓய்வு பெற்றுச் சமவெளிக்கு இறங்கும்போது அதை என் கணவருக்கு விற்றுவிட்டுப் போனார். வெள்ளை நிறச் சின்ன வண்டி. டிரைவர் பக்கக் கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. எங்கள் மலையில் வண்டிகள் அடியிலிருந்துதான் வீணாகும். வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனி. இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

என் கணவர் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினார். மலைச்சரிவுகளில் பெண்கள் பறித்து எடை போட்டு வைத்திருக்கும் தேயிலையை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. இருபது வருடம் அதே வேலை. நான் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் இரண்டு குடும்பங்களுமே இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. எங்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, வெகுகாலம் வீடும் கிடையாது. அதனால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அவர் யாரிடமும் பெருமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். முன் சீட்டில் உட்கார்ந்தால் வராது என்பதால் எப்போதும் அவள்தான் முன்னால், நான் பின்னால். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊட்டிக்கோ குன்னூருக்கோ போவோம். காருக்குள் எதையும் தின்னக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கினால்கூட வண்டியை ஓரமாக நிறுத்தி, மூன்று பேரும் இறங்கி நின்று தின்று, கையைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பனிக்குள் ரோட்டோரம் நின்று கடலை தின்னும் எங்களைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள். கதவை அடித்துச் சாத்தினால் அவருக்குப் பிடிக்காது. "அதுக்கும் வலிக்கும்" என்பார். லைனில் யாருக்காவது நெஞ்சு வலி, பிரசவ வலி என்றால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரு தடவைகூட அவர் முடியாது என்று சொன்னதில்லை. பின் சீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்ததும் உண்டு. அன்று மட்டும் வண்டிக்குள் எது பட்டாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறேழு வருடம் இப்படிப் போனது. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. அவர் என்னிடம் சொல்லவில்லை. ஷூவை விட்டுவிட்டுச் செருப்பு போட ஆரம்பித்தார். கேட்டதற்கு, "ஷூ சுருங்கிப் போச்சு, மழைல நனைஞ்சு" என்றார். நானும் நம்பினேன். ஷூ சுருங்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். முப்பது பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிப்பவள், வீட்டில் ஒருவருடையதைக் கண்டுபிடிக்கவில்லை. முகமும் வீங்கிய பிறகுதான் ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன என்றார் டாக்டர். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. டீ, ரசம், கஞ்சி எல்லாம் அந்த அரை லிட்டருக்குள்ளேயே.

லாரி வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் காரை அவர் விடவில்லை. முதல் இரண்டு மாதம் அவரே ஓட்டிப் போனார், அவரே ஓட்டித் திரும்பினார். ஒரு செவ்வாய் மதியம் திரும்பி வரும்போது குந்தா பாலத்துக்கு முந்தைய வளைவு ஒன்றில் வண்டி திரும்பாமல் நேராகப் போனது. பக்கத்து சீட்டில் இருந்த நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வண்டி மலைப் பக்கம் இருந்த ஓடையில் இறங்கி மண்ணில் முட்டி நின்றது. இடது பக்கம் மலை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

அவருக்கு மயக்கம் வந்திருக்கிறது. தெளிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியல எனக்கு. காலு தேடுது, கிடைக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதே, அந்த நடுக்கத்தை நோயைப் பற்றி டாக்டர் சொன்னபோதுகூட நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். போகும்போது சரி. வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, நின்றுகொண்டு வந்த கூட்டத்தின் காலடியில் அவர் படுத்துவிட்டார். வாரம் இரண்டு முறை வாடகைக் கார் எங்களுக்கு வெகுநாள் கட்டாது. அதனால் நாற்பத்தொரு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஃபேக்டரிக்கு முன்னால் லாரிகள் நிற்கும் சமதளத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில். அவர் பக்கத்து சீட்டில். பொறுமையான மனிதர்தான், ஆனால் வண்டி விஷயத்தில் இல்லை.

"சாக்பீஸ் புடிக்கிற மாதிரி புடிக்காத கியரை. அது உடையாது."

"கத்தாதீங்க. எனக்கு வருது."

"உனக்கு வருதா? வண்டிக்குல்ல வரணும், டீச்சர்!"

இரண்டு தடவை நான் அழுதுகொண்டே இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். அவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரால் ஓட்டிக்கொண்டும் வர முடியாது, அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது என்பது பாதி வழியில் நினைவுக்கு வரும். திரும்பிப் போவேன். லைசென்ஸ் பரீட்சை அன்று அவர் ஒரு மதில் மேல் உட்கார்ந்து, நான் ஓட்டி முடிக்கும்வரை தலையைக் குனிந்தே இருந்தார். நான் பாஸாகி வந்து சொன்னதும், "தெரியும். சத்தத்தை வச்சே தெரியும்" என்றார்.

அதன் பிறகு இரண்டரை வருடம் வாரம் இரண்டு முறை போய்வந்தோம். தலைமையாசிரியை நல்லவர். அந்த நாள்களில் என் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். விடியும்போது கிளம்புவோம். வண்டியும் அதற்குள் கிழமாகியிருந்தது. குளிரில் சாவியைத் திருப்பினால் எடுக்காது. அதனால் எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்தி வைப்போம். உருண்டு வேகம் பிடித்ததும் கியரைப் போட்டால் உயிர் வரும். என் பக்கத்து வைப்பர் மட்டும் வேலை செய்யும். பின்பக்கத் தரையில் துரு தின்ற ஓட்டை வழியாக ரோடு தெரியும். அதன் மேல் ஒரு தகரத்தை வைத்து மிதியடி போட்டிருந்தோம்.

வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. காரில்தான் பேசினோம். எந்த வளைவில் எந்த மாதம் மண் சரியும், எங்கே காட்டெருமை குறுக்கே வரும், பனி மூடினால் எந்தப் பக்கத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். நான் அவரைக் கல்யாணம் செய்து இருபது வருடமாகியும் அவர் நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்தப் பயணங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

தாகம்தான் அவரைக் கொன்றது என்று சொல்வேன். டாக்டர்கள் வேறு சொல்வார்கள். எங்கள் ரோட்டில் மழைக்காலம் வந்தால் வளைவுக்கு வளைவு தண்ணீர். பாறையிலிருந்து கொட்டும், வேலியிலிருந்து ஒழுகும், ரோட்டின் மேலேயே ஓடும். பாலத்தைத் தாண்டி ஏறும்போது ஓர் ஊற்று இருக்கிறது. அதில் யாரோ மூங்கிலைப் பிளந்து செருகி வைத்திருப்பார்கள். லாரிக்காரர்கள் நிறுத்தி ரேடியேட்டருக்கும் பிடிப்பார்கள், தாங்களும் குடிப்பார்கள். அந்த இடம் வரும்போது அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஒரு நாள் திரும்பி வரும்போது சொன்னார்:

"போதும்னு தோணுது எனக்கு."

"எது?"

"இந்த ஊசி. போறது, வர்றது. போதும்."

நான் வண்டியை நிறுத்தவில்லை. "அவ படிப்பு முடியட்டும்" என்றேன்.

"முடிஞ்சா?"

"அப்புறம் கல்யாணம்."

"அப்புறம்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "எனக்காக இருங்கன்னு சொன்னா இருப்பீங்களா?" என்று கத்தினேன். அவர் கையை நீட்டி, என் பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துவிட்டார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கவில்லை. இறக்கத்தில் உருட்டிப் பார்த்தேன். கியரைப் போட்டதும் உதறியது, ஆனால் உயிர் வரவில்லை. லைனின் கடைசி வரை உருண்டுபோய் வேலியோரம் நின்றது. மஞ்சூரிலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னேன். எங்கள் காரைப் பல வருடமாகப் பார்ப்பவர். பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், ஒரு சின்ன மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், வண்டிய வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்லையே."

"இதுக்குள்ள ரோட்டார்னு ஒரு சின்னச் சாமான் இருக்கணுங்க. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லீனா பொறி வராதுங்க. இது உளுந்து போற எடம் இல்லீங்க. யாரோ கழட்டி எடுத்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

வீட்டுக்குள் போனேன். கம்பளி போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கையை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவு நேரம் நெஞ்சோடு இருந்ததால் சூடாக இருந்தது.

"நீங்களா இப்படி?" என்றேன். கதவைச் சாத்தும் சத்தத்துக்கே முகம் சுளித்தவர் அவர். விடிவதற்கு முன், வீங்கிய காலோடு, குளிரில் அந்தக் கார் வரை நடந்து போயிருக்கிறார்.

"ஒரு நாள்," என்றார். "ஒரே ஒரு நாள் ஊசி இல்லாம இருந்துக்கறேன். செவ்வாக்கெழம நானே வந்து வண்டில உக்காந்துக்குவேன். சத்தியமா."

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் அதைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் எனக்கு அந்த நிமிடத்திலேயே தெரியும். தெரிந்துதான், "சரி" என்றேன்.

மெக்கானிக் ரோட்டாரை மாட்டிவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டார். பத்து மணி போல மழை விட்டது. "எங்கயாச்சும் போலாமா?" என்று கேட்டேன். அவருக்கு எங்கே போக வேண்டும் என்பது அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. ஊற்றுக்குப் போனோம். காரை ஓரங்கட்டி, அவரைக் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் மூங்கில் பிளாச்சின் கீழ் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த சொம்பை நிரப்பிக் கொடுத்தேன். அதையும் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைகள் பால் குடிப்பதுபோல. பிறகு காரில் வந்து உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கீழே பள்ளத்தாக்கில் மேகம் ஏறி வருவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வேர்க்கடலை கொண்டுபோயிருந்தேன். காருக்குள்ளேயே தின்றோம். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு நன்றாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால் கொஞ்சம், நின்றால் கொஞ்சம். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் அவரைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தோம். அந்த அக்கா பின்னால் ஏறி, அவர் தலை சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

அன்றைக்குப் போல் நான் என்றும் ஓட்டியதில்லை. பனி ரோட்டை மூடியிருந்தது. ஏற்றத்தில் வண்டி முனகியது. எஞ்சின் சூடேறி முன்னாலிருந்து ஆவி வந்தது. நிறுத்தினால் திரும்ப எடுக்காது என்று எனக்குத் தெரியும். அவர் நெஞ்சிலிருந்து தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். அந்த நிலையிலும் ஒரு வளைவில் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் கியர். போட்டேன். வண்டி ஏறியது.

உடனே உள்ளே கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். நர்ஸ் வெளியே வந்து என்னைக் கேட்டாள்: "ஏங்க்கா, வெள்ளிக்கெழம ஏன் கூட்டிட்டு வரல? படிச்சவங்கதான நீங்க?"

"வண்டி எடுக்கல" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. சொன்னபடி தானே வந்து வண்டியில் உட்கார்ந்தார். ஊற்று வரும்போது நாங்கள் இருவருமே பேச்சை நிறுத்திவிடுவோம். நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி குத்தி ஒரு மணி நேரம் ஆனபோது அவர் இதயம் நின்றுவிட்டது. நான் எதிர்க்கடையில் இட்லி வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

உடலோடு ஆம்புலன்ஸில் வந்துவிட்டேன். கார் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நின்றது. மூன்று நாள் யாருக்கும் அது நினைவில்லை. நான்காம் நாள் பஸ்ஸில் போய் எடுத்தேன். அவர் சீட் சாய்த்து வைத்தபடியே இருந்தது. அவர் கம்பளித் தொப்பி கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே இறக்கமில்லை. வாட்ச்மேன்கள் இருவரைத் தள்ளச் சொல்லித்தான் கிளப்பினேன். முப்பது கிலோமீட்டர் ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் ஓட்டி வந்தது அதுதான் முதல் தடவை.

மகளிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மெக்கானிக், நல்ல மனதோடு, அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அவளிடம் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவள் என்னைச் சமையலறையில் வந்து கேட்டாள்.

"கழட்டினது அப்பா. சரி. மாட்டுனதுக்கப்புறம் நீ ஏம்மா போகல?"

"அவர் கேட்டாரு."

"கேட்டா? என்னைக் கேட்டியா நீ? ஒரு போன் பண்ணியா?"

"பண்ணல."

"இன்னும் நாலு மாசமோ நாலு வருஷமோ இருந்திருப்பாரு, அது என்னுதுதானே? உங்க ரெண்டு பேருக்கு மட்டுமா அவரு?"

பிறகு டாக்டரைப் போய்க் கேட்டேன். அந்த ஒரு நாளால்தானா என்று. இதயம் முன்பே பலவீனமாக இருந்தது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை. மகள் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். வேலை, சாப்பாடு, மழை பற்றி. அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் போனை வைத்துவிடுகிறாள்.

கார் இன்னும் இரண்டு வருடம் என்னோடு இருந்தது. பள்ளிக்கு ஓட்டிப் போவேன். லைனில் யாருக்காவது அவசரமென்றால் அழைத்துப் போவேன், அவர் செய்ததுபோல. பதிவைப் புதுப்பிக்க எடுத்துப் போனபோது அடித்தளமே தாங்காது என்று திருப்பி அனுப்பினார்கள். மெக்கானிக்கும் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "இனி ஓட்டாதீங்க டீச்சர், ரெண்டா உட்டுப் போயிரும்" என்றார். மேட்டுப்பாளையத்திலிருந்து பழைய இரும்பு எடுப்பவர்கள் லாரியோடு வந்தார்கள். மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

அவர்கள் சங்கிலி மாட்டி வண்டியை மேலே இழுக்கும்போது முன் பம்பர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. ஏற்றிக் கட்டிவிட்டு ஒருவர் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார். லாரி லைனைத் தாண்டித் திரும்பியது. எனக்கு ஒன்பதரைக்கு வகுப்பு. பஸ் வர இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.